கேட்கச் செய்வது கட்டடத்தின் கடமை

குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும் கடந்த சில ஆண்டுகளில் கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட அரசு அலுவலகங்கள் பலவற்றின் வாசலில் இப்போது சாய்தளம் இருக்கிறது. மலையில் இது சாதாரண மாற்றமில்லை. சாலையிலிருந்து அலுவலகத்துக்கு ஏறவும், அலுவலகத்திலிருந்து கழிப்பறைக்கு இறங்கவும் படிகளே வழி என்றிருந்த ஊர்களில், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் யாரும் தூக்கிவிடாமல் உள்ளே நுழைய முடிகிறது என்றால், அதற்காகப் போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால், இந்தக் கட்டடம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதா என்று கேட்டால், பொறியாளர் முதல் காவலாளி வரை எல்லோரும் அந்தச் சாய்தளத்தையே கை காட்டுகிறார்கள். அத்தோடு கேள்வி தீர்ந்துவிட்டதாகவும் எண்ணுகிறார்கள். காது கேளாத ஒருவர் யாருடைய துணையும் இல்லாமல் அதே வாசலில் ஏறி வந்து, உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயர் அழைக்கப்பட்டதே தெரியாமல் வீடு திரும்புவது எவர் கண்ணிலும் படுவதில்லை. என் பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது.

பெரியப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சி.டி.சி. பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்டிய கொழுந்தைப் பல் வெட்டிய உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பகுதி அது. பகலில் பறித்த கொழுந்து வாடி முடித்து இரவில்தான் அங்கே வந்து சேரும் என்பதால், அவர் பார்த்த வேலையில் பெரும்பகுதி இரவு ஷிஃப்ட். உருளைகள் ஓடும்போது அங்கே யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். நிறுத்து, கொழுந்து போடு, டீமேக்கர் வருகிறார் என்பதெல்லாம் கை ஜாடையிலேயே நடக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கைகளால் பேசுவதைச் சிறு வயதில் நாங்கள் வேடிக்கையாகப் பார்த்திருக்கிறோம். நெடுங்காலம் உரத்த சத்தத்தில் வேலை செய்வதால் உண்டாகும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. இந்த வகை இழப்பில் முதலில் போவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். ச, ட, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுபவை அவை. ஆகவே எதிரில் இருப்பவர் பேசுகிறார் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது நன்றாக இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது எளிதாக இல்லை.

எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தின் எல்லை தொடர்பான மனு ஒன்றின் மீது விசாரணைக்கு வரச் சொல்லி ஓர் அரசு அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. ஐப்பசி மழைக்காலம். அந்த அலுவலகத்தின் காத்திருப்புக் கூடம், பழைய கட்டடத்தை ஒட்டித் தகரக் கூரை போட்டு நீட்டிக் கட்டிய இடம். தரை முழுவதும் டைல்ஸ். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. தகரத்தின் மேல் மழை இறங்கியபோது, காது நன்றாகக் கேட்பவர்களே பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து பேசினார்கள். குளிருக்காகப் பெரியப்பா கம்பளிக் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டிருந்தார். குல்லாய் அழுத்தினால் காது மிஷின் விசில் அடிக்கும் என்பதால் அதன் சத்தத்தையும் குறைத்து வைத்திருந்தார். ஓர் ஆவணத்துக்கு ஜெராக்ஸ் கேட்டார்கள் என்று நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவர் அதே பெஞ்சில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய கோப்பு அதற்குள் மேசையை விட்டுப் போய்விட்டது. மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது.

அழைத்த எழுத்தர் மரியாதையான மனிதர். வேண்டுமென்று செய்தவர் அல்லர் என்பதில் எனக்கு ஐயமில்லை. "நல்லா உரக்கத்தான் கூப்பிட்டேன் சார். பெரியவர் மிஷின் போட்டிருக்காரே, கேட்டிருக்கணுமே?" என்றார். அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை. மிஷின் போட்டுவிட்டால் கேட்டாக வேண்டும். கேட்கவில்லை என்றால் குறை அந்தக் காதில், அல்லது அந்த மிஷினில், அல்லது அந்த மனிதரின் கவனத்தில் இருக்க வேண்டும். தகரக் கூரையைப் பற்றியோ, டைல்ஸைப் பற்றியோ, பெயரை வாயால் மட்டுமே அழைக்கும் பழக்கத்தைப் பற்றியோ அந்தக் கேள்விக்குள் ஓர் இடமும் இல்லை.

மிஷினால் ஆவதும் ஆகாததும்

காதொலிக் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். புதிய கருவிகள் பேச்சையும் இரைச்சலையும் ஓரளவு பிரித்துப் பார்க்கின்றன. முகாம்களில் இலவசமாகக் கிடைக்கும் எளிய கருவிகளிடம் அதைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அதன் மைக் காதோரத்தில் இருக்கிறது. பேசுபவர் இரண்டு மூன்று அடிக்குள் முகத்தைக் காட்டிப் பேசினால் அது நன்றாக உதவும். பேசுபவர் விலக விலக, அவருடைய குரல் தேய்கிறது. ஆனால் மழையின் சத்தமும், நாற்காலி இழுபடும் சத்தமும், அடுத்த பெஞ்சில் அழும் குழந்தையின் சத்தமும் தேய்வதில்லை. மிஷின் எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. டைல்ஸ், கண்ணாடி, பூசிய சுவர் ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது. நல்ல காது உள்ளவரின் மூளை அதைத் தானாகவே ஒதுக்கிவிடும். பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தக் கூடத்தில் கேட்பது தெளிவில்லாத ஒரே முழக்கம்தான்.

இதில் மலையின் பங்கும் உண்டு. ஆண்டின் பாதி நாட்கள் ஈரக்காற்று; கருவியின் குழாயில் நீர் கோத்துக்கொள்கிறது. இரவில் அதைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவுக்குள் வைக்காவிட்டால் காலையில் உயிர் இருக்காது. அதில் போடும் துத்தநாக பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்வது. குளிரிலும் ஈரத்திலும் அதன் ஆயுள் குறையும். குல்லாயும் மஃப்ளரும் இல்லாமல் மார்கழியில் வெளியே வர முடியாது. சமவெளியில் ஓரளவு ஒழுங்காக நடக்கும் கருவி இங்கே பாதி உழைப்பைத்தான் தருகிறது. ஆகவே இந்த மாவட்டத்தில் 'மிஷின் கொடுத்துவிட்டோம்' என்பதோடு கடமை முடிந்தது என்று சொல்லவே முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது

அந்த நாளுக்குப் பிறகு நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2007-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கைக்கு ஏற்ப, 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்டது அது. மாற்றுத்திறனாளி யார் என்பதை அதன் 2-ஆம் பிரிவு விளக்கும் முறையே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், தடைகளை எதிர்கொள்வதால், மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகும்போது, அவரையே சட்டம் மாற்றுத்திறனாளி என்கிறது. குறைபாடு மட்டும் அந்த வரையறையை நிரப்புவதில்லை. எதிரே ஒரு தடையும் இருக்க வேண்டும். பெரியப்பாவின் காது அவருடையது. தகரக் கூரையும் கண்ணாடியும் வாயால் மட்டும் அழைக்கும் வழக்கமும் அலுவலகத்தினுடையவை.

அட்டவணையில் டெசிபல் கணக்கு வருகிறது. இரண்டு காதுகளிலும் பேச்சு அலைவரிசையில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் வரை இருந்தால் செவித்திறன் குறைந்தவர். ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 50 டெசிபல் இழப்பு உள்ள ஒரு முதியவர் எவ்வளவு சிரமப்படுவார் என்பது விளங்கும். அவருக்கு அடையாள அட்டை கிடைக்காமல் போகலாம். ஆயினும் கட்டடத்தை எல்லோருக்கும் ஏற்றதாக அமைக்கும் கடமை, அட்டை வைத்திருப்பவர் வாசலுக்கு வந்து நிற்கும்போது மட்டும் பிறப்பதில்லை. அவர் வருவதற்கு முன்பே, வரைபடம் போடும்போதே, அது தொடங்கிவிடுகிறது. பொதுக் கட்டடம் என்பதற்கு அரசுக் கட்டடம் என்று பொருள் கொள்பவர்கள் பலர். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் சட்டம் அதில் சேர்த்தே சொல்கிறது. கல்யாண மண்டபம், லாட்ஜ், தனியார் மருத்துவமனை, திரையரங்கு எல்லாம் அதற்குள் அடங்கும்.

44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்கிறது. கட்டி முடித்த பிறகும் அவை பின்பற்றப்படவில்லை என்றால் நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது, கட்டடத்தில் குடிபுகவும் விடக் கூடாது என்கிறது. 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன. அந்த ஐந்து ஆண்டுகள் 2022-இலேயே முடிந்துவிட்டன. 89-ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரை. நீலகிரியில் வீடு கட்டிய எவருக்கும் வரைபட அனுமதியின் கண்டிப்பு தெரியும். 1993-இல் வந்த மலைவாழிடக் கட்டட விதிகளின்படி 7 மீட்டர் உயரத்தைத் தாண்டியிருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்கள். விதி மீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்த செய்தியை அடிக்கடி படிக்கிறோம். மலை சரியாமல் காக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கண்டிப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே அதிகாரத்தோடு, அதே மேசையில், அதே வரைபடத்தின் மேல் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

ஏன் கேட்பதில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, அதன் கீழ் வந்த 15-ஆம் விதி, வழிகாட்டு நெறிமுறைகளின் பக்கம் கை காட்டிவிட்டு நின்றுவிட்டது. அந்த நெறிமுறைகளோ பெரும்பாலும் 'செய்யலாம்', 'செய்வது நல்லது' என்னும் தொனியில் எழுதப்பட்டவை. பார்வைத்திறன் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவு மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. எவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கவே முடியாத கட்டாயக் குறைந்தபட்சத் தரங்கள் என்று ஆக்க வேண்டுமோ, அவற்றைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. நிறைவுச் சான்றிதழை நிறுத்தி வைப்பதையும் அபராதம் விதிப்பதையும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. அப்படி எழுதப்படும் கட்டாயப் பட்டியலில் சாய்தளமும் கழிப்பறையும் மட்டும் இடம்பெற்று, காதுக்கானவை மறுபடியும் 'செய்வது நல்லது' என்னும் பக்கத்தில் விடுபட்டுவிடக் கூடாது என்பதே இப்போதைய என் கவலை. 2021-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிமுறைகளிலும், 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் கேட்பதற்கு உதவும் அமைப்புகளைப் பற்றியும் ஒளிரும் அபாய விளக்குகளைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். அறியாமல் விட்டுவிட்டோம் என்று பின்னாளில் யாரும் சொல்ல முடியாது.

ஒரு வயரும் ஒரு சுவிட்சும்

இதெல்லாம் தாளில் இருக்கும் வரை எனக்கும் தாளாகவே இருந்தது. அதை மாற்றியவர் எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன். பெரியப்பாவின் மிஷினில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அதில் மூன்று நிலைகள். 'ஓ' என்றால் அணைப்பு, 'எம்' என்றால் மைக், நடுவில் 'டி'. மிஷின் கொடுத்த முகாமில், நடுவில் இருப்பதைத் தொடாதீர்கள், அதில் ஒன்றும் கேட்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட்டம் ஒன்றுக்கு மைக் கட்ட வந்த அண்ணன் அந்தச் சுவிட்சைப் பார்த்துவிட்டு, இது லூப்புக்கான சுவிட்ச் ஆயிற்றே என்றார். கோவையில் வேலை கற்றுக்கொண்டபோது அவர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாராம். மிஷினுக்குள் செப்புக் கம்பியால் சுற்றிய மிகச்சிறிய சுருள் ஒன்று இருக்கிறது. முதலில் தொலைபேசியின் காதுக்குழலிலிருந்து கசியும் காந்தப்புலத்தைப் பிடிப்பதற்காக அதை வைத்தார்கள். அறையைச் சுற்றி லூப் எனப்படும் ஒரு வயர் வளையத்தை ஓட்டி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து பேச்சை அதற்குள் மின்னோட்டமாக அனுப்பினால், அறைக்குள் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு காந்தப்புலம் உண்டாகும். சுருள் அதைப் பிடித்து மீண்டும் பேச்சாக்கிக் காதுக்குள் தரும். 'டி' நிலையில் மிஷினின் மைக் அணைந்துவிடுவதால், மழையும் நாற்காலியும் குழந்தையும் உள்ளே வருவதில்லை. பேசுபவரின் மைக்கில் விழுவது மட்டுமே வரும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் சமுதாயக் கூடத்தில் சுவரோரமாக மெல்லிய வயரை அவர் ஓட்டினார். கதவருகே மிதிபடாமல் டேப் ஒட்டினார். முதலில் ஊங்கென்று ஓர் இரைச்சல் வந்தது. பழைய டியூப் லைட்டின் சோக்கிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை அணைத்ததும் பெரும்பாலும் அடங்கியது. தலைவர் மைக்கில் பேச ஆரம்பித்தார். பெரியப்பா முதலில் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சிறிது நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அவர் மூச்சு வாங்குறதுகூடக் கேக்குதுடா" என்றார். பேச்சின் நடுவே தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி ஒரு கணக்கு வந்தபோது, எழுந்து நின்று அது தவறு என்றார். பல ஆண்டுகளாக ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்காத மனிதர். கூட்டம் முடிந்த பிறகு வாசலுக்கு வெளியே ஓரடி வைத்தார், குரல் நின்றது. உள்ளே ஓரடி வைத்தார், குரல் வந்தது. அண்ணனை மைக்கில் பேசச் சொல்லிவிட்டு, வயருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர் நடந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு விஷயம் தெளிவானது அந்த இடத்தில்தான். அதே காது, அதே முகாம் மிஷின், அங்கேயும் தகரக் கூரைதான். மாறியது அறை மட்டுமே. அந்த எழுத்தரின் கேள்விக்கு எனக்கு அன்று பதில் கிடைத்தது: மிஷின் போட்டிருந்தார், அவரைக் கேட்கவைக்கக் கூடிய கட்டடம்தான் இல்லை. அண்ணன் போட்டது சோதனை முயற்சி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒழுங்கான லூப்புக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் உண்டு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் தகரமும் காந்தப்புலத்தைத் தின்றுவிடும் என்பதால் இடத்துக்கு இடம் அளந்து பார்க்க வேண்டும், அதற்கு ஐ.இ.சி. 60118-4 என்னும் பன்னாட்டுத் தரம் இருக்கிறது. காதின் குறுக்கே கோடு போட்டு 'டி' என்று எழுதிய பலகையை வாசலில் வைத்தால்தான் வருபவர்களுக்கும் தெரியும். நான் போய்வந்த அலுவலகங்கள், அரங்குகள் எதிலும் அந்தப் பலகையைப் பார்த்ததில்லை. அரசே கொடுக்கும் கருவியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சுவிட்சுக்கு வேலை கொடுக்கும் கட்டடத்தைக் கட்டும் பொறுப்பும் அரசுக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

லூப் எல்லோருக்குமான விடை ஆகாது. பிறவியிலேயே காது கேளாமல் சைகைமொழியில் வளர்ந்தவருக்கு அதனால் பயனில்லை; அவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும், எழுத்தில் அறிவிப்பு வேண்டும். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் முடிந்த ஒன்று ஒரு மலை வட்டத்தின் அலுவலகத்தில் முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. இன்னும் சில, பணம் அதிகம் கேட்காதவை. டோக்கன் எண்ணைக் காட்டும் பலகை. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அவர் முகம் இருட்டாகிவிடும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு எதுவும் தெரியாது. மேசையைத் திருப்பிப் போட்டால் போதும். பேசும் துளையை விட உயரமாகக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி முகத்தை மறைக்காமல் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் தீர்ப்பு எதுவும் வர வேண்டியதில்லை.

அபாய எச்சரிக்கையைத்தான் நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டம் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் மக்களைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் நகர்த்துகிறோம். நகரச் சொல்லும் அறிவிப்பு ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கியில் வருகிறது. நகர்ந்த பிறகு முகாமில் வரும் அறிவிப்பும் வாய்ச் சொல்லாகவே வருகிறது. இரவில் மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுப் படுத்திருக்கும் ஒருவருக்கு அந்த ஜீப் வந்ததே தெரியாது. சீசனில் நிரம்பி வழியும் லாட்ஜுகளில் தீ எச்சரிக்கை என்பது பெரும்பாலும் ஒரு பெல். அறைக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் மின்னி எரியும் விளக்கு இல்லாவிட்டால், தாழிட்டுத் தூங்கும் காது கேளாத விருந்தாளிக்கு அந்த பெல் அடித்ததும் அடிக்காததும் ஒன்றே. இதை வசதி என்ற கணக்கில் பேசுவதே தவறு என்பேன். உயிர் காக்கும் ஏற்பாடு அது.

இதைப் பற்றிப் பேசப் போன இடங்களில் எல்லாம், இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கேள்வியை எதிர்கொண்டேன். வந்து ஏமாந்தவர்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். பெரியப்பாவே அதற்குப் பிறகு, "நீயே போய்ட்டு வா தம்பி, நான் வந்து என்ன ஆகப் போகுது" என்று சொல்லிவிட்டார். தன் நிலத்தைப் பற்றிய விசாரணைக்கு. தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கல் குவாரிகளிலும் வேலை பார்த்து முதுமை அடைந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மகனோ மகளோ கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட வீடுகள் அவை. துணைக்கு ஆள் வரட்டும் என்று சொல்வது, அந்த முதியவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்க முடியாது என்று தீர்ப்பெழுதுவதற்குச் சமம்.

விசாரணையைத் திரும்ப எடுக்கக் கேட்டு மனு எழுதினோம். அதில் சட்டத்தின் 3-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டியது அரசின் கடமை என்பதை நினைவூட்டி, பெரியப்பாவின் பெயரைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டி அழைக்க வேண்டும், கேள்விகளை எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் எதிரே முகம் தெரிய உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தோம். அடுத்த தேதியில் அப்படியே நடந்தது. அதே எழுத்தர்தான் வந்து பெயர் எழுதிய தாளைக் காட்டினார். அது ஒரு மனிதருக்காக ஒரு நாள் செய்த ஏற்பாடு. எவரும் மனுப் போடாமலேயே, எந்த நாளிலும், வருபவர் எவரானாலும் கட்டடம் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் 45-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, கேட்டால் செய்து தருகிறோமே என்று பதில் வருவதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

எங்கள் சமுதாயக் கூடத்தைப் புதுப்பிக்க வரைபடம் தயாராகிறது. தளத்துக்கு டைல்ஸ் போட்ட பிறகு லூப் வயரைப் பதிக்க வேண்டுமென்றால் உடைத்துத்தான் போட வேண்டும். டைல்ஸுக்கு முன்னால் என்றால் சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் குழாய் ஓட்டி வைத்தால் முடிந்தது, வயரைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். கூரைத் தகரத்தின் அடியில் சத்தம் உறிஞ்சும் அட்டை, மேடையில் பேசுபவரின் முகத்தில் விழும் விளக்கு, கழிப்பறை உட்பட மூன்று இடங்களில் மின்னும் அபாய விளக்கு ஆகியவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். விளக்குகளுக்குப் பொறியாளர் உடனே ஒப்புக்கொண்டார். குழாய் எதற்கு என்று கேட்டார். சவுண்ட் சர்வீஸ் அண்ணனையும் பெரியப்பாவையும் மிஷினோடு அவரிடம் அழைத்துப் போயிருந்தோம். தளம் போடும் வேலை தையில் தொடங்குகிறது. குழாய் இப்போது மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது.